ஜல்லிக்கரண்டி

ஐம்பத்து மூன்று உருப்படி.
மகளிர் காவல் நிலையத்தில்
பட்டியல் படித்து, டிக் அடித்து
சாக்கில் கட்டித் தந்தார்கள்.
அத்தனையும் எவர்சில்வர்.
கும்பகோணம் பெரிய தெருவில் வாங்கி
கடை வாசலிலேயே பெயர் வெட்டியது:
கு. கோமலவல்லி.
வெட்டியவன் ள-வை ல-வாக்கிவிட்டான்.
பத்து வருஷம் அந்தப் பெயரில்தான்
அந்த வீட்டில் சோறு வடித்தேன்.

இப்போது அரசலாற்றுப் பக்கம்
மாடியில் ஒற்றை அறை.
காரைக்காலுக்கு மாற்றலாகிப் போன ஜெசிந்தா
தன் பழைய மைக்ரோவேவை விட்டுப் போனாள்.
கதவில் ஒட்டுக்காகிதம், அவள் கையெழுத்து:
உன் சீர்வரிசை எதையும் உள்ளே வைக்காதே.

வைத்தேன்.
ரசம் சாதம், மூடி போட்ட டப்பா, பசி.
நீலமாய் ஒரு பொறி
கடுகு வெடிக்கிற சத்தம்
உள்சுவரில் மிளகளவு கறுப்பு.
அணைத்துவிட்டு
சாதத்தைப் பச்சையாகவே தின்றேன்.

பிறகு தேடத் தொடங்கினேன்.
யாரோ கிரகப்பிரவேசத்தில் கொடுத்த பீங்கான் கோப்பை:
விளிம்பில் தங்கக் கோடு. அதுவும் சடசடத்தது.
மெஸ்ஸில் சாம்பார் வந்த டப்பா:
மூடி தலை தொங்கிப் போய்
சிவப்பெண்ணெய் கறையை இன்னும் விடவில்லை.
திராட்சைக் கொத்து போட்ட மெலமைன் தட்டு
பார்க்க லட்சணமாய்த்தான் இருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்கிற லேப்பில் வேலை எனக்கு.
சோதிக்காமல் எதையும் நம்புவதில்லை.
நம்பிய ஒரே தடவை
பத்திரிகை அடித்து
ஊரைக் கூட்டி நம்பினேன்.

சோதனை எளிது.
காலித் தட்டு. பக்கத்திலேயே
புதுக் கண்ணாடி பீக்கரில் தண்ணீர்.
ஒரு நிமிஷம்.
தண்ணீர் சுட்டு தட்டு ஆறியிருந்தால்
தட்டு தேறியது.
தட்டு சுட்டால்
தனக்கென்று வராததையும்
வாங்கி வைத்துக்கொள்கிற ரகம் அது.

திராட்சைத் தட்டில் விரல் வைக்க முடியவில்லை.
தண்ணீரோ
ஆடி மாதம் வாய்க்காலில் கால் விட்டதுபோல் இருந்தது.
கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு துடைத்து
துளசித் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

தேறியது ஒன்றே ஒன்று.
சர்க்கரை மாத்திரைக் கம்பெனிக்காரர்
லேப்புக்கு இலவசமாய்க் கொடுத்த மக்.

அந்த மக்கில்தான் ஒரு ராத்திரி
வெறும் தண்ணீர் வைத்தேன். மூன்று நிமிஷம்.
போன் வந்தது, வக்கீல் குமாஸ்தா.
பேசி முடித்து, ஆறியிருக்குமென்று
இன்னொரு மூன்று.
திறந்தால் தண்ணீர் அசையவே இல்லை.
ஒரு குமிழ் இல்லை.
ஆவிகூட யோசித்து யோசித்து வந்தது.
காபித்தூளோடு கரண்டியை விட்டேன்.

முழுத் தண்ணீரும் எழுந்து நின்றது.
மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது
வெற்றிலைக்காம்பு நீளத்துக்குத் தழும்பு.

கொதித்து முடித்த தண்ணீர்தானாம் அது.
வழவழப்பான பாத்திரத்தில்
குமிழ் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூடக் கிடைக்காமல்
சும்மா இருப்பதுபோல் இருக்குமாம்.

ஸ்டேஷனில் இரண்டரை மணி நேரம்
நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.
அண்டா, குத்துப்போணி, தாம்பாளம், அடுக்கு
எல்லாம் எண்ணி முடிந்த நேரத்தில்
அவருடைய அக்கா சொன்னாள்:
"அந்த ஜல்லிக்கரண்டி எங்களுது."
அதில் பெயர் இருந்தது. ல-வோடு.

அப்புறம் என்ன பேசினேன் என்று
எனக்கே தெரியாது.
ஏட்டம்மா தண்ணீர் கொடுத்தார்.
"இவ்வளவு நேரம் சும்மாதானே இருந்துச்சு இந்தப் பொண்ணு"
என்றார் பின்னாலிருந்து யாரோ.

இப்போதெல்லாம் மக்கில்
ஒரு ஐஸ்குச்சி போட்டே வைக்கிறேன்.
குமிழ்கள் அதைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாய் ஏறி வருகின்றன.
மணி அடித்த பிறகும்
அரை நிமிஷம் கதவைத் தொடுவதில்லை.

ஐம்பத்திரண்டு கட்டிலுக்கு அடியில், சாக்கில்.
ஒன்று மட்டும் ஆணியில் தொங்குகிறது.
ஞாயிற்றுக்கிழமை கேஸ் அடுப்பில் வடை போட்டால்
அதில்தான் எடுப்பேன்.
காயும் எண்ணெயில்
அதற்கு ஒன்றும் ஆவதில்லை.